பகிர்வு நிரலகங்களின் பதிப்பு எண்: வாக்குறுதியும் வரம்புகளும்

பகிர்வு நிரலகம் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளும் இயந்திரமொழிக் கோப்பு ஆகும். லினக்ஸில் இக்கோப்புகளின் பெயரில் 'எஸ்ஓ' என்ற பின்னொட்டும், விண்டோஸில் 'டிஎல்எல்' என்ற பின்னொட்டும் இருக்கும். ஒரு நிரல் கம்பைல் செய்யப்படும்போது பகிர்வு நிரலகத்தின் உள்ளடக்கம் அதற்குள் சேர்க்கப்படுவதில்லை. 'இந்த நிரலகம் தேவை' என்ற குறிப்பு மட்டுமே சேர்க்கப்படுகிறது. நிரலை இயக்கும் ஒவ்வொரு முறையும் 'ஏற்றி' எனப்படும் சிறு நிரல் அந்த நிரலகத்தைத் தேடி எடுத்து நினைவகத்தில் இணைக்கிறது.

இதன் பயனைத் தமிழ் பயனர்கள் நாள்தோறும் அனுபவிக்கிறார்கள். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் அமைய வேண்டும். எழுத்துகளை இவ்வாறு வடிவமைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் செய்கிறது. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் லிப்ரே ஆபிஸும் க்னோம் மேசைத்தளச் செயலிகளும் இந்த ஒரே நிரலகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒரு பிழை திருத்தப்பட்டால் அத்தனை செயலிகளுக்கும் அத்திருத்தம் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். மோசில்லா வெளியிடும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோ ஹார்ஃப்பஸின் பிரதியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதற்கு அத்திருத்தம் தனியாகத்தான் வந்து சேர வேண்டும்.

பகிர்வின் ஆபத்தும் இதே பண்பில்தான் உள்ளது. ஒரு கோப்பை மாற்றுவதால் பல நிரல்கள் திருந்தும் என்றால், ஒரு கோப்பை மாற்றுவதால் பல நிரல்கள் நின்றுபோகவும் கூடும். இயங்குதளத்தை மேம்படுத்தும்போது இது நேராமல் தடுக்க உருவாக்கப்பட்டதே நிரலகப் பதிப்பு எண் முறை. இம்முறை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை லினக்ஸ் வரலாற்றின் நான்கு முக்கிய நேர்வுகளைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பதிப்பு எண், நிரலக ஆசிரியர் கொடுத்த வாக்கை மட்டுமே பதிவு செய்கிறது. நிரல்களோ அவர் வாக்குக் கொடுக்காத பலவற்றையும் நம்பி இயங்குகின்றன. மேம்படுத்தலில் நேரும் சிக்கல்களில் பல இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

மூன்று பெயர்கள்

லினக்ஸில் ஒரு பகிர்வு நிரலகத்துக்கு மூன்று பெயர்கள் உண்டு. கோப்புகளைச் சுருக்கும் இசட்லிப் நிரலகத்தை எடுத்துக்கொள்வோம். 'லிப்இசட்.எஸ்ஓ.1.2.13' என்பது வட்டில் உள்ள கோப்பின் உண்மைப் பெயர். 'லிப்இசட்.எஸ்ஓ.1' என்பது 'சோநேம்' எனப்படும் பெயர். எண் ஏதுமில்லாத 'லிப்இசட்.எஸ்ஓ' என்பது கம்பைல் செய்யும்போது மட்டும் தேவைப்படும் பெயர். பின்னிரண்டும் பொதுவாக உண்மைக் கோப்பைச் சுட்டும் சிம்லிங்க்குகளாக இருக்கும்.

இவற்றுள் முக்கியமானது சோநேம். நிரலுக்குள் பதிவது இந்தப் பெயர்தான். நிரலகத்தின் உண்மைக் கோப்பு 1.2.12 இலிருந்து 1.2.13 ஆக மாறினாலும் சோநேம் மாறாது. பழைய நிரல்கள் அப்படியே தொடர்ந்து இயங்கும். பழைய நிரல்களோடு பொருந்தாத மாற்றம் ஒன்றைச் செய்ய நேர்ந்தால் ஆசிரியர் சோநேமின் எண்ணைக் கூட்ட வேண்டும். அப்போது பழையதும் புதியதும் வேறுவேறு பெயருள்ள கோப்புகளாக ஒரே கணினியில் அருகருகே இருக்க முடியும். இதுவே இம்முறையின் சிறப்பு. விண்டோஸில் 1990களில் பல மென்பொருள்களின் நிறுவிகள் ஒரே பெயருள்ள டிஎல்எல் கோப்பை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிப் பிற மென்பொருள்களை முடக்கின. 'டிஎல்எல் நரகம்' என்று கேலியாக அழைக்கப்பட்ட அந்த நிலையோடு ஒப்பிட்டால் சோநேம் முறையின் மேன்மை விளங்கும்.

மென்பொருளின் வெளியீட்டு எண்ணும் சோநேமின் எண்ணும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஹார்ஃப்பஸ் 2015 ஆம் ஆண்டில் 1.0 பதிப்பை எட்டியது. அதன் பின்னர் 10 ஐயும் கடந்துவிட்டது. ஆனால் அதன் சோநேம் இன்றும் 'லிப்ஹார்ஃப்பஸ்.எஸ்ஓ.0' தான். வெளியீட்டு எண் வளர்ச்சியைக் காட்டுகிறது. சோநேம் எண் முறிவுகளைக் கணக்கிடுகிறது. அது 0 இலேயே நிற்பது அந்நிரலகத்தின் ஆசிரியர்கள் கொடுத்த வாக்கைக் காத்திருக்கிறார்கள் என்பதன் அடையாளம்.

பொருத்தம் எப்போது குலைகிறது

மூல நிரல் பொருத்தம், இருமப் பொருத்தம் என்ற இரண்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். புதிய நிரலகத்தோடு ஒரு நிரலை மீண்டும் கம்பைல் செய்தால் அது இயங்கும் என்பது மூல நிரல் பொருத்தம். ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட கோப்பு எந்த மாற்றமும் இன்றிப் புதிய நிரலகத்தோடு இயங்கும் என்பது இருமப் பொருத்தம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போவது மிகவும் சாதாரணம்.

ஒரு நிரலகம் மாணவர் விவரத்தை இவ்வாறு அமைத்திருக்கிறது என்று கொள்வோம்: பெயருக்கு 32 பைட்டு, அடுத்து வயதுக்கு 4 பைட்டு, மொத்தம் 36 பைட்டு. இதைப் பயன்படுத்தும் நிரல் கம்பைல் செய்யப்படும்போது 'வயது 32 ஆவது பைட்டில் தொடங்குகிறது' என்பது அதன் இயந்திரமொழிக்குள் எண்ணாகவே பதிந்துவிடும். புதிய பதிப்பில் பெயருக்கும் வயதுக்கும் நடுவில் முகவரிக்கு 64 பைட்டு சேர்க்கப்பட்டால் வயது 96 ஆவது பைட்டுக்கு நகர்கிறது. பழைய நிரல் இன்னும் 32 ஆவது பைட்டையே படிக்கும். முகவரியின் முதல் சில எழுத்துகளை வயது என்று எடுத்துக்கொள்ளும். அது ஒதுக்கியிருப்பதும் 36 பைட்டு இடம்தான். புதிய நிரலகம் 100 பைட்டு எழுதும்போது அருகிலுள்ள வேறு தரவு அழிந்துபோகும். பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான விடை வரலாம், அல்லது நிரல் சற்று நேரம் கழித்து வேறெங்கோ நின்றுபோகலாம். ஆனால் மூல நிரலில் ஒரு வரியையும் மாற்றாமல் மீண்டும் கம்பைல் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்.

செயற்கூறு ஒன்றை நீக்குவது, அதன் உள்ளீடுகளை மாற்றுவது, தரவு அமைப்பின் அளவையோ வரிசையையோ மாற்றுவது ஆகியவை பொருத்தத்தைக் குலைக்கும். புதிய செயற்கூறு சேர்ப்பதும், உள்ளே கணக்கிடும் முறையை மேம்படுத்துவதும் பொதுவாகக் குலைக்காது. தரவு அமைப்புகளின் உள்விவரத்தை நிரல்களுக்குக் காட்டாமல் மறைத்துவிட்டால் பின்னர் அவற்றைத் தாராளமாக மாற்றலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகம் 2016 இல் வெளிவந்த 1.1.0 பதிப்பில் இதைத்தான் செய்தது. அதற்காகப் பல நிரல்களின் மூல நிரலையே திருத்த வேண்டியிருந்தது. தொடக்கத்திலேயே மறைத்திருந்தால் அந்த உழைப்பு தேவைப்பட்டிருக்காது.

நேர்வு 1: 'ஜி' என்ற ஒற்றை எழுத்து

லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருப்பது சி மொழியின் அடிப்படை நிரலகம். 1990களின் நடுவில் லினக்ஸ் வழங்கல்கள் க்னூ நிரலகத்திலிருந்து கிளைத்த ஒரு தனிப் பதிப்பைப் பயன்படுத்தின. அதன் சோநேம் 'லிப்சி.எஸ்ஓ.5'. 1997 தொடக்கத்தில் ஜிலிப்சி 2.0 வெளிவந்தது. லினக்ஸில் அதன் சோநேம் 'லிப்சி.எஸ்ஓ.6'. ரெட் ஹேட் லினக்ஸ் 5.0, 1997 டிசம்பரிலும், டெபியன் 2.0, 1998 ஜூலையிலும் அதற்கு மாறின.

எண் மாறியதால் இரண்டும் அருகருகே இருக்க முடிந்தது. விதிப்படி இதில் சிக்கல் இருக்கக் கூடாது. ஆனால் நிரல்கள் சி நிரலகத்தை மட்டும் பயன்படுத்துவதில்லை. ஒரு நிரல் லிப்சி 6 ஐயும் இசட்லிப்பையும் பயன்படுத்த, அந்த இசட்லிப் லிப்சி 5 ஐக் கொண்டு கம்பைல் செய்யப்பட்டிருந்தால், இரண்டு சி நிரலகங்களும் ஒரே நிரலுக்குள் நுழைந்து மோதிக்கொள்ளும். ஆகவே இசட்லிப்பையும் இரு வகையாகக் கம்பைல் செய்து வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இசட்லிப்பில் எதுவும் மாறவில்லை. அதன் சோநேம் இரண்டிலும் 'லிப்இசட்.எஸ்ஓ.1' தான்.

சோநேம் சொல்ல முடியாததை டெபியன் பொதியின் பெயரில் சொல்லியது. புதிய சி நிரலகத்துக்காகக் கம்பைல் செய்யப்பட்ட பொதிகளின் பெயரில் 'ஜி' என்ற எழுத்தை ஒட்டியது. டெபியனிலும் உபுண்டுவிலும் இன்றுவரை அப்பொதியின் பெயர் 'இசட்லிப்1ஜி' என்றே உள்ளது. மாற்றம் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த எழுத்து நீங்கவில்லை. ஒரு நிரலகத்தின் பொருத்தம் அதைச் சார்ந்த பிற நிரலகங்கள் வழியாகவும் குலையலாம் என்பதையும், தன் எண்ணைத் தானே பார்த்துக்கொள்ளும் முறை அதைக் காட்டாது என்பதையும் இந்நேர்வு தெளிவாக்குகிறது.

நேர்வு 2: எண் மாறாமல் எழுந்த சிக்கல்

லிப்சி 6 க்குப் பின் சோநேமை மீண்டும் மாற்றுவதில்லை என்ற நிலைப்பாட்டை ஜிலிப்சி திட்டம் கடைப்பிடித்து வருகிறது. அதற்குத் துணைநிற்பது குறிப்பெயர்ப் பதிப்பு முறை. சோலாரிஸ் இயங்குதளத்தில் தோன்றிய இக்கருத்தை விரிவாக்கி ஜிலிப்சி 2.1 பதிப்பு முதல் பயன்படுத்துகிறது. இதில் முழு நிரலகத்துக்கும் ஒரே எண் என்றில்லாமல் ஒவ்வொரு செயற்கூறுக்கும் தனித்தனிப் பதிப்பு உண்டு. ஒரே செயற்கூறின் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே கோப்புக்குள் இருக்கும். பழைய நிரலுக்குப் பழையதும் புதிதாகக் கம்பைல் செய்யப்பட்ட நிரலுக்குப் புதியதும் கிடைக்கும்.

இம்முறைக்கு வந்த பெரிய சோதனை 'மெம்காப்பி' என்ற செயற்கூறு. நினைவகத்தில் ஓரிடத்திலுள்ள தரவை வேறிடத்துக்குப் படியெடுப்பது இதன் வேலை. இரு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்று சி மொழித் தரநிலை சொல்கிறது. படிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அத்தகைய தேவைக்கு 'மெம்மூவ்' என்ற வேறொரு செயற்கூறு இருக்கிறது. ஆனால் பழைய மெம்காப்பி முன்னிருந்து பின்னாகப் படியெடுத்ததால், விதியை மீறிய சில நிரல்களும் தற்செயலாகச் சரியாக இயங்கிவந்தன. வேகத்துக்காகச் சில செயலிகளில் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்கும் வடிவம் ஜிலிப்சியில் சேர்க்கப்பட்டது. 2010 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா 14 இல் அது பயனர்களைச் சென்றடைந்தபோது அடோபி ஃபிளாஷின் 64 பிட்டுப் பதிப்பில் ஒலி சிதைந்தது.

எந்த எண்ணும் மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் விதிப்படி இல்லை, ஏனெனில் ஆசிரியர்கள் கொடுத்த வாக்கு எதுவும் மீறப்படவில்லை. தவறு ஃபிளாஷிடம்தான் என்று ஒரு தரப்பு வாதிட்டது. தரநிலையைக் காட்டிப் பயனரைத் தவிக்கவிடக் கூடாது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளிட்ட மறுதரப்பு வாதிட்டது. 2011 இல் வெளிவந்த ஜிலிப்சி 2.14 இதற்குத் தீர்வு கண்டது. மெம்காப்பிக்கு 2.14 என்ற புதிய பதிப்பு கொடுக்கப்பட்டது. பழைய பதிப்பைக் கேட்கும் நிரல்களுக்கு மெம்மூவின் பாதுகாப்பான நடத்தை வழங்கப்பட்டது.

இத்தீர்வு நியாயமானது. விதியை மீறியவர் யார் என்ற விவாதத்துக்கு முடிவு காணாமலே ஒலியைச் சரிசெய்தது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. புதிய கணினியில் கம்பைல் செய்யப்பட்ட நிரல் மெம்காப்பியின் 2.14 பதிப்பைக் கேட்கிறது. ஜிலிப்சி 2.12 ஐக் கொண்ட ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6 இல் அது இல்லை. அந்நிரல் புதிய வசதி எதையும் பயன்படுத்தாவிட்டாலும் அங்கே தொடங்கவே மறுத்தது. குறிப்பெயர்ப் பதிப்பு முறை பழைய நிரலைப் புதிய கணினியில் காக்கிறது. புதிய நிரலைப் பழைய கணினியில் அது காப்பதில்லை. மென்பொருளை இருமக் கோப்பாக வழங்குவோர், தாங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய அமைப்பில் கம்பைல் செய்ய வேண்டும் என்ற நடைமுறை அறிவுரையின் காரணம் இதுவே.

வாக்குறுதிக்கு வெளியே உள்ளவற்றை நம்புவது செயற்கூறுகளோடு முடிவதில்லை. 2022 இல் ஜிலிப்சி 2.36 பதிப்பின் நிரலகக் கோப்புகளில், குறிப்பெயர்களைத் தேட உதவும் பழைய வகை அட்டவணை விடப்பட்டது. ஏற்றி பல ஆண்டுகளாகவே வேகமான புதிய வகை அட்டவணையைப் பயன்படுத்திவந்ததால் இது தேவையற்றதாகத் தோன்றியது. ஆனால் விளையாட்டுகளில் மோசடியைத் தடுக்கும் ஒரு மென்பொருள் அந்தப் பழைய அட்டவணையை நேரடியாகப் படித்துவந்தது. விளையாட்டுகள் நின்றன. சில வழங்கல்கள் அட்டவணையைத் திரும்பச் சேர்த்தன.

நேர்வு 3: 'வி5'

சி++ மொழியின் 2011 ஆம் ஆண்டுத் தரநிலை, எழுத்துச் சரங்களைக் கையாளும் வகைக்குப் புதிய விதிகளை வகுத்தது. ஜிசிசி கம்பைலரின் பழைய சர அமைப்பு, ஒரே தரவைப் பலர் பகிர்ந்துகொண்டு மாற்றும்போது மட்டும் படியெடுக்கும் முறையைப் பின்பற்றியது. புதிய விதிகள் அதை அனுமதிக்கவில்லை. எனவே சரத்தின் உள்ளமைப்பு மாற வேண்டியிருந்தது.

2015 ஏப்ரலில் வந்த ஜிசிசி 5 சி++ நிரலகத்தின் சோநேமை மாற்றவில்லை. பழைய சரத்தையும் புதிய சரத்தையும் ஒரே நிரலகத்தில் வைத்துப் புதியதற்கு உள்ளே வேறு பெயர் கொடுத்தது. பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்கின. ஆனால் சரத்தை உள்ளீடாகவோ விடையாகவோ கொண்ட பிற சி++ நிரலகங்களைப் புதிய கம்பைலரில் மீண்டும் கம்பைல் செய்தபோது அவற்றின் செயற்கூறுகளின் குறிப்பெயர்கள் மாறிவிட்டன. அவற்றின் சோநேம்கள் மாறவில்லை. டெபியன் அவ்வாறான பொதிகளின் பெயரில் 'வி5' என்ற ஒட்டைச் சேர்த்து, சார்ந்த நிரல்களை எல்லாம் மீண்டும் கம்பைல் செய்தது.

செலவு இங்கே நிரலக ஆசிரியரிடமிருந்து வழங்கலைப் பராமரிப்போரிடம் சென்றது. எனினும் ஒரு நன்மையைக் குறிப்பிட வேண்டும். சி++ மொழியில் உள்ளீட்டின் வகையும் குறிப்பெயரின் ஒரு பகுதியாகிறது. எனவே பழையதும் புதியதும் கலந்தால் 'குறிப்பெயர் காணப்படவில்லை' என்று ஏற்றி உடனே நிறுத்திவிடும். தரவு சிதைவதைவிட நிரல் தொடங்காமல் நிற்பது மேலானது.

நேர்வு 4: 'டி64'

யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதலான நொடிகளாக எண்ணுகின்றன. 32 பிட்டு எண்ணில் இக்கணக்கு உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அன்று 03:14:07 மணியோடு முடிந்துவிடும். நேரத்தின் வகையை 64 பிட்டாக விரிப்பதே தீர்வு. ஆனால் நேரத்தைத் தன் தரவு அமைப்பில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிரலகத்திலும் மேலே கண்ட மாணவர் விவரச் சிக்கல் எழும்.

ஓப்பன்பிஎஸ்டி 2014 இல் வந்த 5.5 பதிப்பில் எல்லாவற்றையும் 64 பிட்டுக்கு மாற்றிப் பழைய இருமக் கோப்புகளைக் கைவிட்டது. அடிப்படை அமைப்பு முழுவதையும் ஒரே குழு உருவாக்குவதால் அதற்கு இது இயன்றது. லினக்ஸில் அவ்வாறு செய்ய முடியவில்லை. 2021 இல் ஜிலிப்சி 2.34, 32 பிட்டுக் கணினிகளில் 64 பிட்டு நேரத்தைத் தெரிவு செய்யும் வசதியை அளித்தது. 2024 இல் உபுண்டு 24.04 உம், 2025 இல் டெபியன் 13 உம் அதன்படி மாறின. பொதிகளின் பெயரில் இம்முறை 'டி64' என்ற ஒட்டு வந்தது. 'லிப்எஸ்எஸ்எல்3' என்ற பொதி 'லிப்எஸ்எஸ்எல்3டி64' ஆனது.

நான்கு நேர்வுகளில் இதுவே மிகவும் நுட்பமானது. சி மொழியில் குறிப்பெயர் உள்ளீட்டின் வகையைச் சொல்வதில்லை. நேரம் 4 பைட்டாக இருந்தாலும் 8 பைட்டாக இருந்தாலும் செயற்கூறின் பெயர் ஒன்றே. பழையதும் புதியதும் கலந்தால் ஏற்றி எதையும் கண்டுபிடிக்காது. சோநேமும் மாறாததால் இரண்டு பொதிகளும் ஒரே பெயருள்ள கோப்பையே கொண்டிருக்கின்றன. எனவே அவை அருகருகே இருக்க இயலாது. நூற்றுக்கணக்கான நிரலகப் பொதிகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. 64 பிட்டுக் கணினிகளில் நேரம் முன்பே 64 பிட்டுதான். ஆயினும் பொதிப் பெயர்கள் எல்லாக் கணினி வகைகளுக்கும் பொதுவானவை. அதனால் எதுவும் மாறாத கணினிகளிலும் பயனர்கள் நீண்ட நீக்கல் பட்டியலையும் நிறுவல் பட்டியலையும் பார்க்க நேர்ந்தது.

வழங்கலே சோநேமை மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் அந்த வழங்கலின் நிரலகம் மற்ற வழங்கல்களின் நிரலகத்தோடு பொருந்தாது போகும். எண்ணை மாற்றும் உரிமை மூல ஆசிரியருடையது. முறிவைச் சந்திப்பது வழங்கல். இந்த உரிமைக்கும் பொறுப்புக்கும் இடையிலான பிளவைப் பொதிப் பெயரின் ஒட்டுகள் மூடி மறைத்திருக்கின்றன.

டெபியன் 32 பிட்டு இன்டெல் வகைக் கணினிகளுக்கு மட்டும் இம்மாற்றத்தைச் செய்யவில்லை. மூல நிரல் கிடைக்காத பழைய நிரல்களை இயக்குவதே அவ்வகையின் இன்றைய முக்கியப் பயன் என்பது காரணம். அங்கே பொருத்தத்தைக் காப்பதற்காக 2038 சிக்கலைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இது வெளிப்படையாகச் செய்யப்பட்ட தேர்வு என்ற அளவில் பாராட்டத்தக்கது.

பகிராமல் இருப்பது தீர்வாகுமா

இத்தனை தொல்லை ஏன், ஒவ்வொரு நிரலும் தனக்குத் தேவையானதைத் தானே சுமந்து வரட்டும் என்ற வாதம் இன்று வலுவாக உள்ளது. கோ மொழி நிரல்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கிக்கொள்கின்றன. ஃபிளாட்பேக், ஸ்னாப், கன்டெய்னர் ஆகியவை நிரலகங்களையும் சேர்த்தே வழங்குகின்றன. மேம்படுத்தலின்போது இவை முறிவதில்லை என்பது பெரிதும் உண்மை.

ஆனால் 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறையை நினைவுகூர வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகளில் அது இருந்தது. வழங்கல்கள் சோநேமை மாற்றாமலே திருத்திய நிரலகத்தை வெளியிட்டன. ஒரு பொதியை இற்றைப்படுத்திச் சேவைகளை மறுதொடக்கம் செய்தால், அந்நிரலகத்தைப் பகிர்ந்த நிரல்கள் யாவும் திருந்தின. தனக்குள் பிரதி வைத்திருந்த ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதன் தயாரிப்பாளர் புதிய வெளியீடு தரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பகிராமை முறிவின் செலவை நீக்குவதில்லை. அதைப் பாதுகாப்பின் கணக்குக்கு மாற்றுகிறது. மேம்படுத்தியபின் நின்றுபோன நிரல் உடனே கண்ணில் படும். திருத்தப்படாத பழைய பிரதி கண்ணில் படாது.

மேம்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட நேர்வுகளிலிருந்து சில நடைமுறைப் பாடங்களைப் பெறலாம்.

முதலாவது, காணாமல்போன நிரலகத்துக்குச் சிம்லிங்க் மருந்தாகாது. உபுண்டு 22.04 இல் 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1' நீக்கப்பட்டபோது, அப்பெயரில் 3 ஆம் பதிப்பைச் சுட்டும் சிம்லிங்க் உருவாக்கத் தோன்றுவது இயல்பு. சோநேம் வேறாக இருப்பதே 'இவை பொருந்தா' என்று ஆசிரியர் சொல்லும் எச்சரிக்கை. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் குறிப்பெயர்ப் பதிப்பு இருப்பதால் ஏற்றி மறுத்துவிடும். அது இல்லாத நிரலகங்களில் தரவு சிதையும்.

இரண்டாவது, வேறொரு வழங்கலின் சி நிரலகத்தை எடுத்துவந்து பொது அடைவில் வைக்கக் கூடாது. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையும் படியெடுக்கும் கட்டளையும்கூட அதையே சார்ந்துள்ளன. அது பழுதானால் பழுதுபார்க்கும் கருவிகளும் இயங்கா.

மூன்றாவது, இற்றைப்படுத்தியபின் சேவைகளை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய நிரலகத்தையே நினைவகத்தில் வைத்திருக்கும். வட்டில் திருத்தம் வந்துவிட்டது என்பதால் குறை நீங்கிவிட்டதாகாது. எந்தச் சேவைகள் பழையதைப் பிடித்திருக்கின்றன என்பதை டெபியன், உபுண்டு ஆகியவற்றில் 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி காட்டும்.

நான்காவது, ஒரு நிரலுக்கு எந்த நிரலகங்கள் தேவை என்பதை 'எல்டிடி' கட்டளை பட்டியலிடும். நம்பகமற்ற கோப்பில் அதைப் பயன்படுத்தக் கூடாது. சில சூழல்களில் அது அந்நிரலையே இயக்கிவிடலாம். அத்தகைய கோப்புகளுக்கு 'ரீட்எல்ஃப்' பாதுகாப்பானது.

நிரலகம் எழுதுவோருக்கான பாடம் வேறு. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை நினைவாற்றலை நம்பித் தீர்மானிக்கக் கூடாது. இரு பதிப்புகளின் இருமக் கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைச் சொல்லும் 'அபிடிஃப்' போன்ற கருவிகளை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் இயக்க வேண்டும். அவை தரவு அமைப்பின் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும். மெம்காப்பி போன்ற நடத்தை மாற்றத்தை அவற்றாலும் கண்டுபிடிக்க இயலாது. அதற்குப் பழைய நிரல்களை இயக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மதிப்பீடு

சோநேம் முறை தோற்றுவிட்டது என்று சொல்வது தவறாகும். 1990களின் இறுதியில் கம்பைல் செய்யப்பட்ட நிரலுக்கு வேண்டிய 'லிப்சி.எஸ்ஓ.6' இன்றைய கணினியிலும் அதே பெயரில் இருப்பது மென்பொருள் உலகில் அரிய சாதனை. ஆனால் இச்சாதனை எண்ணால் மட்டும் கிடைத்ததன்று. பழைய வடிவங்களைப் பல ஆண்டுகள் சுமந்த பராமரிப்பாளர்களின் உழைப்பால் கிடைத்தது.

இம்முறையின் குறைகள் மூன்று. அது நிரலகத்தின் நடத்தையை அளப்பதில்லை. ஒரு நிரலகத்தின் மாற்றம் பிற நிரலகங்களின் வழியே பரவுவதைக் காட்டுவதில்லை. சி மொழியில் பொருந்தாக் கலப்பு நேரும்போது அதை நிறுத்துவதற்கு அதனிடம் வழியில்லை. 'ஜி', 'வி5', 'டி64' ஆகிய ஒட்டுகள் இக்குறைகளை ஈடுசெய்ய வழங்கல்கள் கையாண்ட உத்திகள். அடுத்த அடிப்படை மாற்றம் வரும்போது இன்னோர் ஒட்டு வரக்கூடும்.

எனவே மேம்படுத்தலைத் திட்டமிடுவோர் பதிப்பு எண்ணைச் சான்றிதழாகக் கொள்ளாமல், ஒருவர் கொடுத்த வாக்காகக் கொள்வது நல்லது. அவர் எதற்கு வாக்குக் கொடுத்தார், நம் நிரல் அதற்கு மேல் எதை நம்பியிருக்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் மேம்படுத்துவதற்கு முன்பே விடை தேட வேண்டும்.